யூலியா டிவிஷன்: மலையூர்கள் ஈன்ற படை

இத்தாலியத் தரைப்படையில், தன் வரலாற்றைச் சில மலையூர்களின் வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாதபடி வளர்ந்தது யூலியா ஆல்பீனி டிவிஷன். ஆல்பீனி என்போர், ஆல்ப்ஸ் எல்லையைக் காப்பதற்கென ஜுசெப்பே பெருக்கெட்டி என்னும் அதிகாரியின் திட்டப்படி 1872-இல் தோற்றுவிக்கப்பட்ட மலைப்படையினர். கணவாய்களை அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் காப்பதே தகும் என்பது அவர் கொள்கையாதலால், ஒவ்வொரு பட்டாலியனும் குறிப்பிட்ட ஒரு வட்டாரத்திலிருந்தே ஆளெடுத்து, அவ்வட்டாரத்து ஊரின் பெயரையோ பள்ளத்தாக்கின் பெயரையோ தன் பெயராகவும் ஏற்றது. வடகிழக்கிலுள்ள யூலியன் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் பெயரால் 1935-இல் அமைந்த யூலியாவில் தொல்மெட்சோ, ஜெமோனா, சிவிதாலே முதலிய பட்டாலியன்களும், பீரங்கிகளைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கோவேறு கழுதைகள்மேல் ஏற்றிச் செல்லும் மலைப் பீரங்கி ரெஜிமென்ட் ஒன்றும் இருந்தன.

இப்படையின் மரபுகளில் தலையாயது இறகு செருகிய தொப்பி. சிப்பாய்க்குக் கறுப்பு இறகும், இளநிலை அதிகாரிக்குப் பழுப்பு நிறக் கழுகிறகும், மேஜர் முதலான உயர் அதிகாரிகளுக்கு வெள்ளை இறகும் உரியன. இறகின் அடியைப் பற்றியிருக்கும் சிறு கம்பளிக் குஞ்சம், ரெஜிமென்டின் முதற் பட்டாலியனுக்கு வெள்ளை, இரண்டாவதற்குச் சிவப்பு, மூன்றாவதற்குப் பச்சை என நிறம் மாறும். ஒருவன் எந்தப் பட்டாலியனைச் சேர்ந்தவன் என்பதை அதைக்கொண்டே அறியலாம்.

ஊர்வாரியாக ஆளெடுக்கும் முறை படைக்குள் அரிய ஒற்றுமையை வளர்த்தது உண்மையே. ஆயினும் தோல்வி நேர்ந்தபோது அதன் சுமை முழுவதையும் அந்தச் சில ஊர்களே தாங்க நேர்ந்தது. 1940 அக்டோபர் 28 அன்று முசோலினி கிரீஸ்மீது தொடுத்த, நியாயமும் ஆயத்தமும் அற்ற போரில், பிந்தஸ் மலைகளுக்குள் வெகுதொலைவு அனுப்பப்பட்ட யூலியா, கிரேக்கர்களின் எதிர்த்தாக்குதலில் சூழப்பட்டுப் பெரும் இழப்புடன் பின்வாங்கியது. 1942 மார்ச்சில் கிரீஸிலிருந்து தாயகம் திரும்பிய ஜெமோனா பட்டாலியனை ஏற்றிவந்த ‘கலிலேயா’ கப்பல் நீர்மூழ்கியின் தாக்குதலில் மூழ்கியபோது ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர்.

அதே ஆண்டு கோடையில், காக்கசஸ் மலைப்போருக்கென ரஷ்யா சென்ற ஆல்பீனிகள் தோன் ஆற்றங்கரைச் சமவெளியில் நிறுத்தப்பட்டனர். டிசம்பரில் சோவியத் படைகள் தெற்கே அரணை உடைத்ததும் யூலியா அங்கு நகர்த்தப்பட்டு, பதுங்குகுழிகூட ஆயத்தமாக இல்லாத உறைபனி வெளியில் ஏறக்குறைய ஒரு மாதம் நின்று போரிட்டது. 1943 ஜனவரியில் தொடங்கிய பின்வாங்கலில் டிவிஷன் ஏறத்தாழ அழிந்தே போயிற்று. தளபதி ரிக்காஞோ சிறைப்பட்டார். யூலியாவில் மருத்துவ அதிகாரியாக இருந்து உயிர்மீண்ட ஜூலியோ பெதெஸ்கி, அந்தத் துயரத்தைப் பின்னர் நூலாக எழுதினார். மலைவீரர்களைச் சமவெளியில் பலியிட்ட அம்முடிவு மன்னிக்கத் தக்கதன்று.

1949-இல் பிரிகேடு என்னும் சிறிய வடிவில் யூலியா மீண்டும் எழுந்தது. 1976 மே 6 அன்று பிரியுலி நிலநடுக்கத்தில் ஜெமோனா நகரம் தகர்ந்தபோது அங்கிருந்த படைமுகாமும் இடிந்து, ஆல்பீனி வீரர் 29 பேர் உயிரிழந்தனர்; எஞ்சியோர் இடிபாடுகளை அகற்றி மக்களை மீட்டனர். ஓய்வுபெற்ற ஆல்பீனிகளின் சங்கம் நாடெங்குமிருந்து அழைத்துவந்த ஆயிரக்கணக்கான தொண்டர்கள், கோடை முழுவதும் தங்கி வீடுகளைச் செப்பனிட்டுக் கொடுத்தனர். அப்பணியின் அனுபவத்திலிருந்து உருவான அச்சங்கத்தின் பேரிடர் மீட்புப் பிரிவு, இத்தாலிய அரசின் பேரிடர்க்கால அமைப்புடன் இணைந்து இன்றும் செயல்பட்டு வருகிறது.