மருந்துத் தெளிப்பான்: பம்பும் பாய்வு வீதமும்

தெளிப்பானின் நாசில் வழியாக ஒரு நிமிடத்தில் வெளியேறும் கரைசலின் அளவே பாய்வு வீதம். திருப்பூர் மாவட்டத் தோட்டத்துக்காரர்களுக்கும் இதை அறிவது அவசியம். இந்த மாவட்டம் பின்னலாடைக்குப் பெயர் பெற்றது. ஆனால் பல்லடம், பொங்கலூர்ப் பக்கம் சின்ன வெங்காயமும், குடிமங்கலம், உடுமலைப் பக்கம் மக்காச்சோளமும் தென்னையும் பரவலாக விளைகின்றன. பனியன் கம்பெனிகளுக்கு ஆட்கள் போய்விடும் இந்த வட்டாரத்தில் தோட்டத்துக்காரர்களுக்குக் கைகொடுப்பவை பேட்டரி ஸ்பிரேயரும் பவர் ஸ்பிரேயரும்தான்.

பவர் ஸ்பிரேயரில் பெரும்பாலும் மூன்று பிஸ்டன் பம்ப் இருக்கும். எஞ்சின் வேகம் மாறாதவரை அது தள்ளும் அளவும் ஏறக்குறைய மாறாது. நாசில் ஏற்காத மிச்சத்தை அழுத்த வால்வு திரும்பு ஓஸ் வழியாக டிரம்முக்கே அனுப்பிவிடுகிறது. வால்வின் ஸ்பிரிங்கை இறுக்கினால் அழுத்தம் ஏறி நாசிலுக்குக் கூடுதலாகப் போகும். தளர்த்தினால் டிரம்முக்குத் திரும்பும். தெளிக்கும் கன்னை மூடும்போது ஓஸ் வெடிக்காமல் காப்பதும் இதே வால்வுதான். பிஸ்டன் துடிப்பைக் காற்றறை தணிக்கிறது. பேட்டரி ஸ்பிரேயரில் 12 வோல்ட் மோட்டார் சவ்வுப் பம்பை ஓட்டும். பிடியை விட்டதும் அழுத்த சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும்.

அழுத்தத்தைக் கூட்டினால் மருந்தும் அதே மடங்கு கூடும் என்ற நம்பிக்கை தவறானது. பாய்வு வீதம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும்: 2 பாரில் 1 லிட்டர் விடும் நாசில் 2 லிட்டர் விட 8 பார் வேண்டும். அதற்குள் துளிகள் பொடிப்பொடியாகிக் காற்றில் அடித்துக்கொண்டு போகும். அளவைக் கூட்ட நாசிலை மாற்றுவதே சரியான வழி.

பயிருக்குப் பயிர் தேவையும் வேறு. வெங்காயத் தாள் மெழுகுப்பூச்சு உள்ளது. அதிகம் அடித்தால் கரைசல் வழிந்து மண்ணுக்குப் போகும். தென்னையில் நிலைமை நேர்மாறு. தமிழகத்தில் 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈக்கு, ஓலையின் அடிப்பக்கத்தில் வெறும் தண்ணீரை விசையோடு பீய்ச்சுவது பரிந்துரைக்கப்படுகிறது. பூச்சிக்கொல்லி அடித்தால் அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணியும் சாகும்.

அளவைச் சரிபார்க்க வாளியும் கடிகாரமும் போதும்: ஒரு நிமிடத்தில் நாசிலிலிருந்து வாளியில் விழுவதை அளந்தால் பாய்வு வீதம் தெரியும். நிமிடத்துக்கு 1 லிட்டர் விடும் நாசிலோடு, 1 மீட்டர் அகலத்துக்கு அடித்தபடி நிமிடத்துக்கு 30 மீட்டர் நடந்தால் ஏக்கருக்குச் சுமார் 135 லிட்டர் செலவாகும். நடை தளர்ந்தால் செலவு ஏறும். தேய்ந்த நாசில் புதியதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக விட்டால் அதை மாற்றிவிட வேண்டும்.