சென்னை வங்கியும் அதன் நோட்டுகளும்

பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர்கள் அங்கே காசும் அடித்தார்கள். பழவேற்காட்டை உள்ளடக்கி, நாணய வரலாற்றில் இத்தனை பழைய இடம் பெற்ற திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்குக் காகிதப் பணம் வந்த கதையை அறிய சென்னை வங்கியின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

1843 ஜூலை 1 அன்று, ரூ.30 லட்சம் மூலதனத்தில், அரசின் பங்கும் சேர்ந்து 'பாங்க் ஆஃப் மெட்ராஸ்' தொடங்கியது. கல்கத்தா, பம்பாய் மாகாண வங்கிகளைப் போல இதுவும் தன் பெயரிலேயே நோட்டு வெளியிட்டது. 1861ஆம் ஆண்டுக் காகிதச் செலாவணிச் சட்டம் அந்த உரிமையை அரசுக்கு மாற்றியது. இருபதே ஆண்டுகளுக்குள் முடிந்துபோனதால், அவ்வங்கியின் நோட்டுகள் இன்று கிடைப்பது மிக அரிது. வங்கி 1921இல் இம்பீரியல் வங்கியில் இணைந்து, 1955இல் பாரத ஸ்டேட் வங்கியாக வளர்ந்தது.

அரசு நோட்டுகளும் முதலில் நாடெங்கும் செல்லவில்லை; ஒவ்வொரு நோட்டும் அதை வெளியிட்ட செலாவணி வட்டத்துக்குள் மட்டுமே சட்டப்படி செல்லுபடியானது. சென்னை வட்டத்து நோட்டைப் பம்பாயில் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1903இல் 5 ரூபாய் நோட்டில் தொடங்கித்தான் இந்த எல்லை படிப்படியாக நீங்கியது. வட்டத்தின் பெயர் நம் நோட்டுக்கு அடையாளமாக இருந்ததைப் போலவே, அமெரிக்காவில் 1863 முதல் 1935 வரை ஊர் வங்கிகள் வெளியிட்ட தேசிய வங்கி நோட்டுகளிலும் ஊர்ப்பெயரே முதல் அடையாளம். சிற்றூர் வங்கியின் நோட்டு அதிகம் மிஞ்சாததால், அதற்கு விலையும் கூடுகிறது.

நம் பழைய நோட்டைக் கையில் எடுத்தால், வட்டத்தின் பெயர், தேதி, கையொப்பம் மூன்றையும் முதலில் படியுங்கள். வட்டத்தின் முழுப்பெயர் இல்லாத பிற்கால நோட்டுகளில் 'எம்' என்ற ஆங்கில எழுத்து சென்னையைக் குறிக்கும். வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியைப் பாருங்கள். தொடக்கக் கால நோட்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே அச்சு இருக்கும். நடுவில் வெட்டி ஒட்டிய தடம் தெரிந்தால் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். தபாலில் களவு போகாதிருக்க நோட்டை இரண்டாக வெட்டித் தனித்தனியே அனுப்பும் வழக்கம் அன்று இருந்தது. ஒட்டிய நோட்டுக்கு விலை குறையும். ஆனால் அது அந்நாளைய வணிகத்தின் நேரடிச் சாட்சி.

நோட்டைக் கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைத் தனித் தாளில் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள். விலையை ஏலச் சந்தை சொல்லிவிடும். நம் ஊர் வரலாற்றில் அதன் இடத்தை உங்கள் குடும்பம் மட்டுமே சொல்ல முடியும்.