கள்ளில் புளித்த ரொட்டி

நம் வீடுகளில் ரொட்டி என்றால் முதலில் காய்ச்சல்தான் ஞாபகம் வரும். ஒரு தலைமுறைக்கு முன்புகூட, ஒருவர் கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு தெருவில் போனால், "வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று எதிரே வருகிறவர் விசாரிப்பார். கஞ்சி, பார்லித் தண்ணீர், ரொட்டி மூன்றும் ஒரே ஜாதி. டாக்டர் சொன்னால் சாப்பிட வேண்டும்; உடம்பு தேறியதும் மறந்துவிட வேண்டும்.

ஆசாரமான குடும்பங்களில் அந்த மரியாதைகூட அதற்குக் கிடைத்ததில்லை. வெள்ளைக்காரன் சாப்பிடுவது என்பது ஒரு குறை. யார் கை பிசைந்ததோ என்பது இன்னொரு குறை. இவற்றுக்கு மேல், "அதிலே கள்ளை விட்டுப் பிசைகிறார்களாம்!" என்று பாட்டிமார்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். முதல் இரண்டு குறைகளும் மனிதர்கள் தாங்களாக உண்டாக்கிக்கொண்ட வேற்றுமைகள். அவற்றை இப்போது விட்டுவிடலாம். மூன்றாவது சரித்திர விஷயம். அதில் பாட்டிமார்கள் சொன்னது முழு உண்மை.

1886-ம் வருஷம் லண்டனில் 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்று ஒரு அகராதி வெளியாயிற்று. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர்கள் வாயில் புழங்கிய சொற்களையெல்லாம் திரட்டிய புத்தகம். அதைத் தொகுத்த இருவரில் பர்னல் என்பவர் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். நம் பக்கத்துச் சமாசாரம் தெரிந்தவர். கள்ளுக்குப் பொருள் சொல்லும் இடத்தில், இந்தியாவில் ரொட்டி மாவை உப்ப வைக்கப் பொதுவாகப் பயன்படுவது இதுதான் என்று அந்த அகராதி கூறுகிறது. துரையின் மேஜையில் வெள்ளைத் துணி, வெள்ளித் தட்டு, நடுவே ரொட்டி. அந்த ரொட்டிக்கு உயிர் கொடுத்ததோ, விடியற்காலையில் பனையிலோ தென்னையிலோ ஏறி இறங்கிய ஒரு மனிதரின் கலயம்.

இந்த உறவு எப்படி ஏற்பட்டது? வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தது 1498-ல். 1510-ல் போர்ச்சுகீசியர் கோவாவைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களால் ரொட்டி இல்லாமல் இருக்க முடியவில்லை. அவர்கள் பாஷையில் ரொட்டிக்குப் 'பாவ்ங்' என்று பெயர். கோவாவிலும் பம்பாயிலும் அது 'பாவ்' ஆயிற்று. யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் அதைப் 'பாண்' என்கிறார்கள். இன்றைக்கும் காலையில் பாணும் சம்பலும் அங்கே பழக்கம். கோதுமை கடற்கரையில் விளையாவிட்டாலும் வாங்கிக்கொள்ளலாம். மாவைப் புளிக்க வைக்க என்ன செய்வது? ஐரோப்பாவில் முதல் நாள் மாவில் ஒரு பிடியை எடுத்து வைத்து மறுநாள் மாவில் சேர்ப்பார்கள். பீர் காய்ச்சும் ஊர்களில் அதன் நுரையை வழித்து வந்து கலப்பார்கள். இங்கே பீர் இல்லை. ஆனால் கள் இருந்தது. பாளையிலிருந்து சொட்டும் சாறு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தானாகவே நுரைக்கத் தொடங்கிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது நுரைக்காது, பதநீராக இனிக்கும். தடவாவிட்டால் கள். ரொட்டிக்காரருக்கு வேண்டியது சுண்ணாம்பு படாத கலயம்.

கள்ளை மாவில் விடும் யோசனையை நம்மவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மலையாளக் கரையிலும் இலங்கையிலும் அப்ப மாவுக்குக் கள் விடுவது பழைய வழக்கம். அப்பம் சுட்டு விற்கும் கூவியர்கள் பெரும்பாணாற்றுப்படையிலேயே வருகிறார்கள். தமிழ் வேதாகமத்தைப் புரட்டிப் பாருங்கள்: ரொட்டி வரவேண்டிய இடத்தில் 'அப்பம்' என்று இருக்கும், அதைப் புளிக்க வைப்பது 'புளித்தமா'. மொழிபெயர்த்தவர்களுக்கு இது தூரத்து உறவாகத் தோன்றவில்லை. பங்காளி உறவாகவே தோன்றியிருக்கிறது.

ஆங்கிலேயர்களுக்கு மட்டும் இந்த உறவு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கென்னி-ஹெர்பர்ட் என்று ஒரு ராணுவ அதிகாரி 'வைவர்ன்' என்ற புனைபெயரில் 1878-ல் சென்னையில் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். அதில் வரும் சமையல்காரருக்கெல்லாம் ஒரே பெயர், ராமசாமி. கலெக்டர்களும் பட்டாளத்து அதிகாரிகளும் அந்தக் காலத்தில் கோடையிலும் கூடாரம் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். ஒரு மாந்தோப்பு, ஒரு கிணறு, மூன்று கல் அடுப்பு, நாலு மாட்டு வண்டிச் சாமான். அங்கே எப்படிச் சமைப்பது என்று வைவர்ன் ஒரு தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். ரொட்டிக்கு அவர் சிபாரிசு செய்தது சீமையிலிருந்து டப்பாவில் வரும் பேக்கிங் பவுடர். கலயத்திலிருந்து டப்பாவுக்கு ரொட்டி அன்றே புறப்பட்டுவிட்டது.

டப்பா ஜயித்தது நம் நாட்டில் மட்டுமல்ல. புளிப்பதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தாம் என்று பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1857-லிருந்து நிரூபித்துக்கொண்டு வந்தார். தெரிந்துவிட்டால் மனிதன் சும்மா இருப்பானா? அவற்றுள் வேகமாக வேலை செய்யும் ஒரு வகையை மட்டும் பொறுக்கி வளர்த்தான். 1868-ல் அமெரிக்காவில் பிளைஷ்மன் சகோதரர்கள் ஈஸ்டைக் கட்டியாக அழுத்தி விற்கத் தொடங்கினார்கள். பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்த ரொட்டிக்காரருக்கு இரண்டு மணி நேரம் போதும் என்று ஆயிற்று. பழைய புளித்த மாவு ஊருக்கு ஊர் மறைந்தது. ஸான் பிரான்சிஸ்கோ போன்ற சில இடங்கள்தாம் பிடிவாதம் பிடித்தன. அங்கே 1849-ல் தங்கம் தேடி வந்த கூட்டத்துக்குப் புளித்த ரொட்டி சுட்டுக் கொடுத்த ஒரு கடை இன்னும் நடக்கிறது.

நம் பக்கத்தில் கதை வேறு விதமாக முடிந்தது. 1937 அக்டோபரில் ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1939-ல் அது வட ஆர்க்காட்டுக்கு வந்தது. திருவண்ணாமலை அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்தது. யுத்த காலத்தில் சட்டம் தளர்ந்தது. 1948 அக்டோபர் 2-ந் தேதி முதல் ராஜதானி முழுவதும் மதுவிலக்கு. பிறகு சட்டம் தளர்வதும் இறுகுவதுமாக இருந்து, 1987-ல் கள்ளுக்கு வந்த தடை இன்றுவரை நீடிக்கிறது. குடியால் அழிந்த குடும்பங்களைப் பார்த்தவர் யாரும் மதுவிலக்கின் நோக்கத்தைக் கேலி செய்ய மாட்டார்கள். நானும் செய்யவில்லை. ஆனால் புட்டியில் அடைத்த மதுவை 2003 முதல் அரசாங்கமே கடை வைத்து விற்கிறது. பனையேறியின் கலயம் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. ரொட்டிக்காக ஒரு படி கள் வேண்டும் என்று கேட்கவும் இங்கே வழியில்லை. தமிழ்நாட்டுக் கடை ரொட்டிக்கு இன்று தெரிந்ததெல்லாம் ஈஸ்ட்தான்.

இப்போது திருவண்ணாமலைக்கு வருவோம். 1911-லேயே வேலூரிலிருந்து ஹம்ப்ரீஸ் என்ற போலீஸ் அதிகாரி ரமணரைப் பார்க்க இந்த மலைக்கு வந்தார். பால் பிரண்டன் 1934-ல் எழுதிய புத்தகம் உலகமெல்லாம் இந்த ஊரின் பெயரைச் சொல்லிற்று. 1935-ல் வந்த மேஜர் சாட்விக், 1962-ல் காலமாகும் வரையில் இங்கேயே இருந்துவிட்டார். ரமணாசிரமத்தில் காலை ஆகாரம் இட்லி. துரைமார்களும் தரையில் உட்கார்ந்து அதைத்தான் சாப்பிட்டார்கள். ரொட்டிக்குப் பழகிய நாக்கு, நம்முடைய புளித்த மாவுக்கு இப்படி வந்து சேர்ந்தது. இன்றும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வெளிநாட்டார் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். சிலர் கோடையிலும் தங்கிவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் அப்படித் தங்கிய ஒரு ஜெர்மன் அம்மாள், ஒரு வைகாசி மாதத்தில் அக்கம்பக்கத்தாரை மொட்டை மாடிக்குச் சாப்பிட அழைத்தாள். மலையைப் பார்த்தபடி நிலா வெளிச்சத்தில் விருந்து. கனலில் சுட்ட கத்தரிக்காய், சேனைக்கிழங்கு வடை, அதை வைத்துச் சாப்பிட அவளே செய்த பன். ஈஸ்ட் கிடையாது. கோதுமை மாவையும் தண்ணீரையும் சம எடையாகக் கலந்து ஒரு கண்ணாடி ஜாடியில் வைத்திருந்தாள். தினம் பாதியை எடுத்துவிட்டு, அந்த அளவுக்குப் புது மாவும் தண்ணீரும் சேர்த்தாள். ஒரு வாரத்தில் அது தானாகப் பொங்கத் தொடங்கியது. அதில் 200 கிராம் எடுத்து, ஒரு கிலோ மாவு, 600 கிராம் தண்ணீர், 20 கிராம் உப்பு, கொஞ்சம் வெண்ணெய் சேர்த்துப் பிசைந்தாள். இருபத்துநாலு பன் ஆயிற்று. அவள் ஊரில் இரவு முழுவதும் காத்திருக்க வேண்டுமாம். நம் வெயிலில் நாலு மணி நேரத்துக்குள் மாவு பாத்திரத்தை விட்டு எழுந்துவிட்டது. மண்பானைத் தண்ணீரை விட்டு, விடியற்காலையில் பிசைந்தால்தான் சரிப்படுகிறது என்று அவள் இரண்டு தடவை செய்து பார்த்துக் கண்டுபிடித்திருந்தாள். கனமான இரும்புச் சட்டியில் வைத்து, கீழும் மூடிமேலும் தணல் போட்டுச் சுட்டாள்.

எதிர்வீட்டுப் பாட்டி மாடிக்கு வந்தாளே ஒழிய, தட்டைத் தொடவில்லை.

"ஏம்ப்பா, அதிலே முட்டை கிட்டை போட்டிருக்காளா, கேளு" என்றாள் என்னிடம்.

"இல்லை, பாட்டி."

"கள்ளு?"

"அதுவும் இல்லை."

"பின்னே எப்படி உப்பித்து?"

நான் வாயால் விளக்குவதற்குள் அந்த அம்மாள் ஜாடியைக் கொண்டுவந்து பாட்டியிடம் நீட்டினாள். பாட்டி மூடியைத் திறந்தாள், முகர்ந்தாள். ஐம்பது வருஷமாக உரலும் கிரைண்டருமாக மாவோடு பழகிய மூக்கு அது.

"அட, இது நம்ம மாவுதானே! நேத்து அரைச்ச வாசனை" என்றாள். பிறகு அந்த அம்மாளைப் பார்த்து, "ஏம்மா, வெயில் காலத்திலே உப்பை முதல்லேயே போடு. அவ்வளவு சீக்கிரம் பொங்காது" என்றாள். நான் அதை மொழிபெயர்த்தேன். அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டாள். பாட்டி ஒரு பன்னை எடுத்துக்கொண்டாள்.

பாட்டியின் மூக்கு சொன்னதை விஞ்ஞானிகள் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறார்கள். 1965-ல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் இட்லி மாவைச் சோதித்தார்கள். அதைப் பொங்க வைப்பது 'லூக்கோநாஸ்டாக்' என்ற நுண்ணுயிர்தான் என்று கண்டார்கள். 1971-ல் ஸான் பிரான்சிஸ்கோ ரொட்டியைச் சோதித்தார்கள். அதில் புளிப்புக்கு ஒரு நுண்ணுயிர். காற்றுக்கு ஒரு காட்டு ஈஸ்ட். ஒன்றின் சாப்பாட்டில் மற்றது பங்குக்கு வராததால் இரண்டும் சண்டையில்லாமல் குடித்தனம் செய்கின்றன. கோதுமையில் இழுத்தால் நீளும் பசை இருக்கிறது. காற்றைப் பை போலப் பிடித்துக்கொண்டு நெருப்பில் விறைத்து நிற்கும். அரிசியில் அது இல்லை. அதனால் உளுந்தின் கொழகொழப்பு அந்த வேலையைச் செய்கிறது, ஆவியில் வேகவைக்கிறோம். சூட்சுமம் ஒன்று, தானியம் வேறு.

"இட்லி நம்முடையது, ரொட்டி அவர்களுடையது" என்று கோடு கிழிக்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி. இட்லியின் பெயர் 920-ம் ஆண்டைச் சேர்ந்த 'வட்டாராதனே' என்ற கன்னட நூலில் வருகிறது. 1130 வாக்கில் எழுந்த 'மானஸோல்லாஸம்' என்ற வடமொழி நூலிலும் வருகிறது. ஆனால் இந்தப் பழைய குறிப்புகளில் உளுந்து இருக்கிறதே தவிர அரிசி இல்லை, இரவு முழுவதும் புளிக்க வைப்பதும் இல்லை, ஆவியில் வேகவைப்பதும் இல்லை என்று உணவுச் சரித்திரம் எழுதிய அச்சயா எடுத்துக்காட்டினார். அந்த வித்தை இந்தோனேஷியாவிலிருந்து கப்பலேறி வந்திருக்கலாம் என்பது அவர் ஊகம். ஊகம் சரியோ தவறோ, ஒன்று மட்டும் தெளிவாகிறது. புளித்த மாவு எந்தக் குலத்துக்கும் பட்டா எழுதிக் கொடுத்ததில்லை. யார் தினம் மறக்காமல் அதற்குத் தீனி போடுகிறார்களோ, அவர்கள் வீட்டில் அது வாழும்.

அப்படியானால் நாம் இழந்தது என்ன? ரொட்டி இருக்கிறது; இட்லி இருக்கிறது. வெளிநாட்டுப் புளித்த ரொட்டிகூட இன்று புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் நல்ல விலைக்குக் கிடைக்கிறது. போனது ஒரு மனிதருடைய பங்கு. கள்ளில் புளித்த ரொட்டியில் பனையேறிக்கும் ரொட்டிக்காரருக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. சாப்பிட்ட துரைக்கு அவர் பெயர் தெரியாது. சாப்பிட மறுத்த பாட்டிக்கும் அவர் மேல் அருவருப்புதான். இரண்டு பேருக்கும் நடுவில் அவர் பாட்டுக்கு மரம் ஏறினார், இறங்கினார். சீமை டப்பா வந்தபோதும் சட்டம் வந்தபோதும் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு வருகிற சாலையில் இன்றும் பனைகள் நிற்கின்றன. கோடைதான் அவற்றுக்குச் சாறு ஊறும் காலம். சாலையோரத்தில் ஓலைப் பட்டையில் பதநீர் வாங்கிக் குடிக்கலாம். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். சட்டத்துக்கு அது சம்மதம். சுண்ணாம்பு தடவாத கலயம் ஒன்று முந்நூறு வருஷத்துக்கு மேல் இந்த நாட்டு ரொட்டியைத் தூக்கி நிறுத்தியது என்பதை, குடிக்கும்போது ஒரு தடவை நினைத்துக்கொண்டால் போதும்.