மூலப்பிரதி எங்கே?

நியூ ஜேர்சியில் ஞாயிறுதோறும் கூடிக் குறள் படிக்கும் எம்மவர் சிலரிடையே ஒருநாள் சிறு தகராறு எழுந்தது. கணனியிலிருந்து அச்சிட்டெடுத்த பிரதியில் ‘கோள்’ என்றிருந்த இடத்தில், ஊரிலிருந்து ஒருவர் சுமந்துவந்த பழைய புத்தகத்தில் ‘கொள்’ என்றிருந்தது. இரண்டும் தமிழ்ச் சொற்களே. எதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது?

இந்தத் தடுமாற்றம் புதியதல்ல. ஏடெழுதியோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். காலும் ரகரமும் மயங்கும். ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தபோது ஒவ்வோர் எழுத்தையும் பதிப்பாசிரியரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும், 1894இல் புறநானூற்றைத் தந்த உ. வே. சாமிநாதையரும் பல ஏடுகளை ஒப்புநோக்கினர். ஏடு கிடைத்த விதத்தையும் அதன் சிதைவையும் முகவுரைகளில் எழுதிவைத்தனர். தம்மைச் சந்தேகிக்கவும் வாசகனுக்கு வழி விட்டார்கள். நாம் அவர்களை நம்புவது அதனாற்றான்.

இப்போது அச்சிலிருந்து கணனிக்கு வந்திருக்கிறோம். 1971இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹார்ட் குட்டன்பேர்க் திட்டத்தைத் தொடங்கினார். 1998 பொங்கலன்று, சுவிற்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரத்தின் தலைமையில் மதுரைத் திட்டம் பிறந்தது. பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தட்டச்சிட்டனர். 1981இல் யாழ் நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களை நெருப்புக்குக் கொடுத்த எமக்கு இது சிறிய கொடையல்ல. தட்டச்சிட்டவர், பிழை திருத்தியவர் பெயர்களை முகப்பிலே இடுவதும் நல்ல வழக்கம். ஆனால் எந்தப் பதிப்பைப் பார்த்துத் தட்டச்சிட்டார்கள் என்பது எல்லாக் கோப்புகளிலும் இல்லை.

ஹார்ட் அறிஞர்க்கான பதிப்பை நோக்கமாகக் கொள்ளவில்லை. பொது வாசகன் கண்ணுக்கு 99.9 சதவீதம் சரியாக இருந்தாற் போதும் என்றார். குறளின் 1330 பாக்களில் 9310 சீர்கள். ஆயிரத்துக்கு ஒன்று என்றால் ஒன்பது சீர்கள் பிழை. எந்த ஒன்பது என்பதை யார் சொல்வது?

பிழை விரலிலிருந்து மட்டும் வருவதில்லை. கலிபோர்னியாவில் உருவான யூனிகோட் 1991இலேயே தமிழுக்கு இடம் தந்தது. ஆயினும் அது பரவும்வரை ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு வழி போயிற்று. திஸ்கி முறையில் கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்கும். யூனிகோடில் பின்னே சேமிக்கப்படும். ஒன்றை மற்றொன்றாக மாற்றுகையில் எழுத்துச் சிதைய இடமுண்டு. இன்னொன்று: ‘கௌதமன்’ என்பதைச் சிலர் ‘கெ’ போட்டு ‘ள’ போட்டு எழுதுவர். கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. கணனிக்கு அது வேறு சொல். தேடினால் அகப்படாது, அகப்படாதது நூலிலேயே இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுவோம்.

இதற்காகக் கணனிப் பிரதியைத் தள்ளிவிட முடியாது. எம்மிற் பலருக்கு அதைவிட்டால் வேறு நூலகமில்லை. ஆனால் எழுத்துப் பிரதியின் அருகே அச்சுப் பக்கத்தின் படமும் வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் 1996இல் தொடங்கிய இன்டர்நெற் ஆர்க்கைவும், 2005 முதல் ஈழத்து நூல்களைச் சேர்த்துவரும் நூலகம் திட்டமும் பக்கங்களைப் படமாகவே காக்கின்றன. படத்தில் கறை இருக்கலாம். முகப்பும் ஆண்டும் முகவுரையும் கூடவே இருக்கும்.

அன்றைய தகராறு பழைய புத்தகத்தால் தீரவில்லை. அதன் முகப்பு ஏடு வழியில் எங்கோ கிழிந்து போயிற்று. எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று அதைக் கொண்டுவந்தவருக்கே தெரியாது. மூன்றாவது பிரதியொன்றின் படத்தைத் தேடியெடுத்து ஒப்பிட்ட பிறகே ‘கொள்’ என்று முடிவு செய்தோம். திருத்தத்தைப் பதிப்பின் ஆண்டோடும் பக்க எண்ணோடும் பிரதியின் ஓரத்தில் எழுதிவைத்தோம். எமக்குப் பின் படிப்பவர்கள் எம்மையும் சரிபார்க்க வேண்டுமல்லவா?