ரெவியர், பால் (1735–1818)

அமெரிக்க விடுதலைப் போராட்ட வீரர். தொழிலால் வெள்ளிக் கொல்லர். பாஸ்டனில் பிறந்தார். பிரான்சிலிருந்து சிறுவயதில் வந்து குடியேறிய தந்தையிடம் தொழில் கற்று, அவர் 1754இல் இறந்தபின் பட்டறையைத் தாமே நடத்தினார். வெள்ளி வேலை மந்தமான காலத்தில் செப்புத் தகட்டில் படம் செதுக்கினார், பொய்ப்பல்லும் கட்டினார்.

1770இல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டு ஐவர் இறந்த பாஸ்டன் படுகொலையைச் செதுக்கி அச்சிட்டார். மூலப்படம் ஹென்றி பெல்ஹாமுடையது. அனுமதி பெறாமலே எடுத்துக்கொண்டார். குழப்பத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டை அணிவகுத்து நின்று சுட்டதுபோல் காட்டும் அப்படம், செய்தியைவிடப் பிரசாரம் என்பதே பொருந்தும். 1773இல் பிரிட்டிஷ் வரியை எதிர்த்துப் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டியோருள் இவரும் ஒருவர்.

1775 ஏப்ரல் 18 இரவு, பிரிட்டிஷ் படை புறப்பட்டதை அறிவிக்கக் குதிரையில் லெக்சிங்டன் விரைந்தார். லாங்ஃபெல்லோவின் கவிதை இவரைத் தனி வீரராக்கிவிட்டது. உண்மையில் வில்லியம் டாஸ் வேறு வழியாகச் சென்றார். கான்கர்ட் போகும் வழியில் ரெவியர் பிடிபட, அங்கே செய்தியைச் சேர்த்தவர் மருத்துவர் சாமுவேல் பிரெஸ்காட்.

போர்க்களத்தில் இவருக்குப் பெயர் கிட்டவில்லை. 1779 பெனாப்ஸ்காட் படையெடுப்பின் தோல்வியில் இவர் மீதும் பழி விழுந்தது. தாமே வற்புறுத்திக் கேட்ட இராணுவ விசாரணை 1782இல் குற்றமற்றவர் என்றது.

பின்னர் வார்ப்படச் சாலை நிறுவி ஆலய மணிகளும் பீரங்கிகளும் வார்த்தார். 1801இல் கான்டனில் செப்புத்தகடு உருட்டும் ஆலை தொடங்கினார். மாசசூசெட்ஸ் அரசவை மாளிகையின் குவிமாடத்துக்குச் செப்புத்தகடு தந்தது இந்த ஆலையே.