வாய்ச் சளிச்சவ்வடி நாரிழைமை

வாய்ச் சளிச்சவ்வடி நாரிழைமை என்பது பாக்கு மெல்வதால் வாயின் உட்சவ்வு தடித்து இறுகி, வாய் திறப்பது படிப்படியாகக் குறையும் நாட்பட்ட நோய் ஆகும். இது புற்றுநோயாகவும் மாறக்கூடும். பம்பாய் மருத்துவர் எஸ். ஜி. ஜோஷி 1953 இல் இதனை விவரித்தார்.

செவியில் விளைவு

பாக்கிலுள்ள அரிக்கோலின் கொலாசன் இழைகளைப் பெருக்குகிறது. இறுக்கம் மெல்லண்ணத் தசைகளை அடைந்தால், தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் ஊத்தேக்கியாக் குழல் விழுங்கும்போது சரிவரத் திறப்பதில்லை. இதனால் நடுச்செவியில் காற்றழுத்தம் குறைந்து, செவிப்பறை உள்ளிழுக்கப்படுகிறது. காதடைப்பும் கேள்விக் குறைவும் தோன்றலாம். எனவே இந்நோயாளிகளுக்குச் செவிப் பரிசோதனையும் பயன் தரும்.

தடுப்பு

தமிழ்நாடு அரசு 2013 இல் குட்கா, பான் மசாலா ஆகியவற்றைத் தடை செய்தது. எனினும் புகையிலை கலவாத வெறும் பாக்கும் இந்நோயை உண்டாக்கும். ஆகையால் பாக்கு மெல்வதை அறவே விடுதலே முதன்மையான தடுப்புமுறை ஆகும்.