அரை மணிக்கு அஞ்சு ரூபாய்

வீடியோ கேம் கடை என்றொரு தொழில் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு காலத்தில் நன்றாக ஓடியது. பாளையங்கோட்டையில் நானும் ஒன்று வைத்திருந்தேன். முதலில் கேசட், பிறகு சிடி, அதன் பிறகு பிரவுசிங் சென்டர், இப்போது அதே இடத்தில் செல்போன் சர்வீஸ். பெயர்ப்பலகைதான் மாறியது, வருகிற ஆட்கள் பெரும்பாலும் பழைய ஆட்களே. டவுசரோடு வந்து “அண்ணாச்சி, அரை மணி” என்று அஞ்சு ரூபாயை நீட்டியவர்கள் இன்று பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு உடைந்த டிஸ்பிளே மாற்ற வருகிறார்கள். ஒரே ஆள் பத்து வயதில் எதற்கு அலைந்தான், இருபதில் எதைக் கேட்டான், நாற்பதில் எதை நோண்டுகிறான் என்று பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வயதானால் ரசனை மாறும் என்பார்கள். நான் விற்றது நேரத்தை. அதனால் என் கணக்கு கொஞ்சம் வேறு.

ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி 1983-ல் ஃபேமிகாம் என்ற எட்டு பிட் இயந்திரத்தை வெளியிட்டது. அதன் நகல்கள்தான் தொண்ணூறுகளில் ‘மீடியா’, ‘லிட்டில் மாஸ்டர்’ என்ற பெயர்களில் நம் ஊர்களுக்கு வந்தன. அந்த செட்டைப் பழைய சாலிடேர், டயனோரா டிவிகளில் மாட்டி, சேனலைத் திருகிப் படம் வரவைத்துவிட்டால் கடை திறந்தாயிற்று. கேசட்டின் மேல் ‘9999999 இன் 1’ என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது என்னவோ கொஞ்சம் ஆட்டங்கள்தான், அவையே பெயரும் ஸ்டேஜும் மாறித் திரும்பத் திரும்ப வரும். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி ‘ஃபூ’ என்று ஊதிப் போடுவோம்.

சின்னப் பையன்கள் சர்க்கஸையும் துப்பாக்கியால் வாத்து சுடும் ஆட்டத்தையும் கேட்பார்கள். மீசை அரும்புகிற வயதில் காண்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்துக்கு வந்துவிடுவார்கள். வன்முறை மோகம் என்று பெரியவர்கள் திட்டினார்கள். எனக்குத் தெரிந்த காரணம் காசு. மரியோவை இருவர் ஆடினால் ஒருவன் சாகும்வரை மற்றவன் காத்திருக்க வேண்டும். காண்ட்ராவிலும் டாங்க் ஆட்டத்திலும் இருவரும் ஒரே நேரத்தில் ஆடலாம். ஆளுக்கு ரெண்டரை ரூபாய் போட்டு வருகிறவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? மேலே ரெண்டு, கீழே ரெண்டு, இடம் வலம் இடம் வலம், பி, ஏ என்று அமுக்கினால் காண்ட்ராவில் மூன்று லைஃப் முப்பதாகும். அது தெரிந்த பையன் பள்ளிக்கூடத்திலேயே பெரிய மனுஷன்.

மரியோவில் 32 ஸ்டேஜ். ஆடியதைச் சேமித்து வைக்க வழியில்லை, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்துதான். நடுவில் கரண்டு போனால் எல்லாம் போச்சு. “அண்ணாச்சி, கரண்டு போனதுக்குக் காசு கிடையாது, பாத்துக்கிடுங்க” என்று பஞ்சாயத்து நடக்கும். முடிவு தெரியாத ஆட்டத்தை விடாமல் முதலிலிருந்து ஆடும் பொறுமை அந்த வயதில்தான் இருக்கும். அவர்களிடம் காசு இல்லை, சாயங்காலம் முழுதாக இருந்தது.

பெண் பிள்ளைகள் கடைக்கு வந்ததில்லை. வரவிட்டதில்லை என்பதுதான் சரி. ஆனால் கோடை விடுமுறையில் செட்டை நாள் வாடகைக்கு விடுவோம், அப்போது வீட்டுக்குள் ஆடினார்கள். என் அக்கா காண்ட்ராவில் என்னைத் தோளில் தட்டி ஓரமாக உட்காரச் சொல்லுவாள், அவ்வளவு வேகம். கல்யாணத்துக்குப் பிறகு அத்தானின் நோக்கியாவில் பாம்பு ஆட்டம் ஆடினாள். 1997-ல் நோக்கியா 6110-ல் தொடங்கிய அந்தப் பாம்பு ஆட்டத்தில், குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். இப்போது கேண்டி கிரஷ். பெண்களுக்கு இயல்பாகவே மிட்டாய் அடுக்குகிற ஆட்டம்தான் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அக்காவின் கை மாறவில்லை. அவள் பொழுது துண்டு துண்டாகிவிட்டது. அந்த ஆட்டத்தைச் செய்தவர்களும் இதை அறிந்தவர்கள். ஐந்து லைஃப் கொடுத்து, போனது ஒவ்வொன்றும் திரும்ப அரை மணி நேரம் காக்க வைக்கிறார்கள். நான் அரை மணியை விற்றேன், அவர்கள் அரை மணிக் காத்திருப்பை விற்கிறார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கேசட் படுத்துவிட்டது. கம்ப்யூட்டர்களை லேனில் கோத்தேன். ரோட் ரேஷ், வைஸ் சிட்டி எல்லாம் தனியாக வருகிறவர்களுக்கு. கல்லூரிப் பையன்கள் கும்பலாக வந்தால் கவுன்டர் ஸ்ட்ரைக்தான். ஹாஃப் லைஃப் என்ற ஆட்டத்தின் மேல் 1999-ல் இரண்டு இளைஞர்கள் ஒட்டிச் செய்த ஆட்டம் அது. 2003-ல் வந்த 1.6 பதிப்பு எங்கள் தெருவையே அலற வைத்தது. “பின்னால பாருலே!” என்ற சத்தம் வெளியே டீக்கடைவரை கேட்கும். ஜெயிப்பது அந்த வயதில் அவ்வளவு முக்கியம். தோற்ற அணி காசு கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குள் ஏற்பாடு.

அதே பையன்கள் வேலைக்குப் போய்த் தீபாவளிக்கு ஊர் வந்தபோது துப்பாக்கியைத் தொடக்கூடத் தயங்கினார்கள். இந்தத் தயக்கத்துக்குப் பொருந்துவதுபோல, கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தார் 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற போர் உத்தி ஆட்டத்தை ஆடும் 16 முதல் 44 வயதுவரையிலான 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை அலசியதில், 24 வயதிலேயே கை சுணங்கத் தொடங்குகிறது என்று தெரிந்தது. மூத்தவர்கள் எளிய உத்திகளைக் கையாண்டு அந்தக் குறையைச் சரிக்கட்டுவதையும் அதில் கண்டார்கள். குவான்டிக் ஃபவுண்ட்ரி என்ற அமெரிக்க நிறுவனம் ஆட்டக்காரர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், வயது ஏற ஏற அதிகம் குறைவது போட்டி ஆசை, ஏறக்குறைய அப்படியே நிற்பது திட்டமிட்டு ஆடும் ஆசை என்று வந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பையன் நினைவுக்கு வந்தான். டாங்க் ஆட்டத்தில் எல்லோரும் சுட்டுக்கொண்டிருக்க, இவன் நாமே சுவர் கட்டும் பகுதிக்குப் போய் காசு கரையக் கரையக் கோட்டை கட்டுவான். லேன் காலத்தில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடினான். முதலில் வயலைப் போட்டு, ஆட்களைப் பெருக்கி, அப்புறம்தான் படை. இன்று ஒரு வங்கியில் அதிகாரி. லேப்டாப்பில் அதே ஆட்டத்தின் இரண்டாம் பாகத்தை, 2019-ல் வந்த புதிய மெருகோடு, ஆடுகிறான். வயது இவனிடம் எதையும் மாற்றவில்லை.

கம்ப்யூட்டருக்கு முந்தைய ஆட்டங்களிலும் இதே கதைதான். கோயில் மண்டபத் தரைகளில் ஆடுபுலிக் கட்டம் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 3 புலி, 15 ஆடு. அங்கே உட்கார்ந்து ஆடியவர்களில் கிழவர்களும் உண்டு. அவர்கள் பிள்ளைப் பருவத்தில் கிட்டிப்புள்ளை விட்டவுடன் ரசனை முதிர்ந்து ஆடுபுலிக்கு வந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். ஓட முடிந்தவரை ஓடினார்கள், உட்கார நேரம் வந்ததும் உட்கார்ந்தார்கள்.

பப்ஜி வந்தபோது என் பிரவுசிங் சென்டர் கடைசி மூச்சை விட்டது. நூறு பேர் இறங்கி ஒருவன் மிஞ்சுகிற ஆட்டம் பையன்களின் சட்டைப் பைக்குள்ளேயே வந்துவிட்டால் எனக்கு எதற்கு அஞ்சு ரூபாய்? 2020 செப்டம்பரில் அரசு அதைத் தடை செய்த அன்று, மகனைக் காட்டி ஓர் அப்பா சந்தோஷப்பட்டார். அவர் காண்ட்ராவின் முப்பது லைஃப் ரகசியம் தெரிந்த பழைய ஆள். “நாங்க ஆடினது வேற அண்ணாச்சி” என்றார். வேறொன்றுமில்லை, அவருக்கு அன்று இருந்ததுபோல அவர் பையனுக்கும் முழுச் சாயங்காலம் இருக்கிறது, அவருக்குத்தான் இப்போது இல்லை. இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு அவர் ‘கிரிக்கெட் 07’ கேமில் ஐந்து ஓவர் ஆடுவதும் எனக்குத் தெரியும்.

என் கேசட் காலத்துப் பையன்கள் இன்னும் பதினைந்து, இருபது வருஷத்தில் ஓய்வு பெறத் தொடங்குவார்கள். சிறுவயதில் வீடியோ கேம் ஆடி வளர்ந்து பென்ஷன் வாங்கப்போகும் முதல் தலைமுறை நம் ஊரில் இவர்கள்தான். முழுச் சாயங்காலம் திரும்பி வரும், கை வேகம் வராது. அப்போது அவர்கள் மிட்டாயை அடுக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள், மாதக்கணக்கில் நீளும் பெரிய ஆட்டங்களில் இறங்குவார்கள் என்பது என் கணிப்பு. உடம்பு இடம் கொடுத்தால் அப்போதும் ஒரு கடை போடுவேன். நாற்காலி கொஞ்சம் நல்லதாக இருக்க வேண்டும், எழுத்தும் பெரிதாகத் தெரிய வேண்டும். அரை மணிக் கணக்கு அவர்களிடம் செல்லாது, மாதச் சந்தாதான்.